ஒரு மாதம் ஆஸ்திரேலியப் புத்தகங்கள் மட்டும்

28 ஜூன் 2025 | கோவையிலிருந்து ஒரு வாசகர்

அக்கா, சிட்னியில் இத்தனை வருடம் இருந்தும் அந்த ஊர்ப் புத்தகம் ஒன்றைப் பற்றிக்கூட நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. நானாகத் தேடி மூன்று நாலு படித்தேன். எல்லாவற்றிலும் வெயில், புழுதி, ஆடு, தன்னந்தனியாக ஒரு மனிதன். இருநூற்றைம்பது வருடம்கூட ஆகாத நாடு. இலக்கியத்துக்கு அடிமண் எங்கிருந்து வரும்? காலி நிலத்தைப் பற்றி எவ்வளவுதான் எழுத முடியும்? தவறென்றால் சொல்லுங்கள்.

1 ஜூலை

சரி தம்பி, இந்த மாதம் முழுக்க இந்த நாட்டுப் புத்தகம் மட்டும். டூங்காபியில் ரயில் ஏறினால் வேலைக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம், திரும்ப நாற்பது நிமிடம். இரவுப் பணியில் இரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். கவுன்சில் நூலகத்தில் ஒன்பது புத்தகம் எடுத்து வந்திருக்கிறேன். ஒன்றுகூட விலைக்கு வாங்கவில்லை.

நீங்கள் சொன்னதில் பாதி எனக்கும் உண்டு. இங்கு வந்து பதினொரு வருடம், நான் படித்ததெல்லாம் தமிழும் ரஷ்யரும்தான். அதற்கு நியாயம் எதுவும் சொல்லப் போவதில்லை.

3 ஜூலை

ஹென்றி லாசனிலிருந்து தொடங்கினேன். 'தி டிரோவர்ஸ் வைஃப்', 1892இல் 'புல்லட்டின்' இதழில் வந்த சிறுகதை. மந்தை ஓட்டிப் போனவனின் மனைவி. கணவன் வீட்டைவிட்டுப் போய் மாதக்கணக்கில் ஆகிறது. இரண்டு அறை மரவீடு, நான்கு பிள்ளைகள், அலிகேட்டர் என்று ஒரு நாய். சாயங்காலம் ஒரு பாம்பு வீட்டின் அடியில் நுழைந்துவிடுகிறது. பிள்ளைகளைச் சமையலறை மேசைமேல் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் தடியோடு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள். கதை அவ்வளவுதான்.

அந்த ஒரு இராத்திரிக்குள் அவள் வாழ்க்கை முழுவதும் வந்து போகிறது. செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு பத்தொன்பது மைல் குதிரையில் போனது, புல் எரிந்தபோது புருஷனின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு பச்சைக் கிளையால் அடித்து நெருப்போடு போராடியது, வெள்ளம், மாட்டுச் சீக்கு. எதற்கும் லாசன் குரலை உயர்த்துவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நல்ல துணி உடுத்தி, பிள்ளைகளையும் சிங்காரித்து, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு யாருமில்லாத காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வருவாள். பார்க்க ஒருவரும் கிடையாது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரயில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தனிமையைப் பற்றி இதைவிடச் சிக்கனமாக எழுதிய கதை எனக்குத் தெரிந்து இல்லை. காலி நிலம் என்றீர்களே, அந்தக் காலியிலிருந்தே இப்படி ஒன்று வரும் என்பதுதான் என் பதில்.

4 ஜூலை

ஒரு விட்டுப்போன செய்தி. லாசனின் தாய் லூயிசா லாசன் 1888 முதல் 1905 வரை 'தி டான்' என்று பெண்களுக்காக ஓர் இதழ் நடத்தியவர். மகனின் முகம் 1966இல் வந்த பத்து டாலர் நோட்டில் ஏறியது. தாயையும் அந்த அளவுக்கு நினைத்திருக்க வேண்டும் என்று படுகிறது.

6 ஜூலை

லாசனோடு பார்பரா பெயின்டனையும் சேர்த்துப் படியுங்கள் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு நன்றி சொல்வதா, தூக்கத்தைக் கெடுத்ததற்குக் கோபப்படுவதா தெரியவில்லை.

'புஷ் ஸ்டடீஸ்', 1902. அதில் 'தி சோசன் வெசல்' என்ற கதை. இங்கும் கணவன் ஊரில் இல்லை, கைக்குழந்தையோடு ஒரு பெண், காட்டுக்குள் ஒரு குடிசை. பகலில் சாப்பாடு கேட்டு வந்த நாடோடி ஒருவன் இராத்திரி திரும்பி வருகிறான். இங்கே நாய் இல்லை, தடி இல்லை. லாசனின் பெண் பாம்பை எரித்துவிட்டு விடியலைப் பார்க்கிறாள். இவள் பார்க்கவில்லை.

குதிரைச் சத்தம் கேட்டு அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு கதவைத் திறந்து ஓடுகிறாள். குதிரையில் போகிறவன் கத்தோலிக்கன். வெள்ளையுடையில் குழந்தையோடு ஓடி வரும் உருவத்தைக் கன்னி மரியாளின் காட்சி என்று நினைத்துக்கொண்டு, பக்தியோடு குதிரையைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறான். 1896இல் 'புல்லட்டின்' இதைப் போட்டபோது இந்தக் குதிரைக்காரன் பகுதியை வெட்டிவிட்டார்கள். வெட்டினால் அது ஒரு கொலைக்கதை. வெட்டாமல் படித்தால், ஒரு பெண்ணை வணங்கத் தெரிந்தவனுக்கு அவள் கூப்பிடுவது காதில் விழாமல் போன கதை.

3ஆம் தேதி நான் எழுதியதில் தனிமை கொஞ்சம் அழகாகவே இருந்தது. அதைக் குறைத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்களுக்கு ஆள் இல்லாதது ஒரு பயம். ஆள் வருவது அதைவிடப் பெரிய பயம்.

9 ஜூலை

இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் தொண்ணூறைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். மேற்கே பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். இராத்திரி தூக்கம் வராது. என் கையில் லாசனைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பள்ளியில் படித்ததாம். "விறகு அடுக்கு வரும் பாரு, எங்க அப்பா அந்த இடத்தை மட்டும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்" என்றார்.

விறகு அடுக்கா? எனக்கு நினைவே இல்லை. பாம்பு, நாய், மேசை, குழந்தை வண்டி எல்லாம் நினைவிருந்தது. திரும்பப் புரட்டினேன்.

இருக்கிறது. நடு இராத்திரி வெளியே போய் அடுக்கிலிருந்து ஒரு கட்டையை உருவுகிறாள். மொத்த அடுக்கும் சரிந்து விழுகிறது. முந்தின நாள் வழிப்போக்கனான ஒரு பழங்குடி ஆளிடம் விறகு வெட்டி அடுக்கச் சொல்லியிருந்தாள். வேலை நன்றாக இருக்கிறதென்று பாராட்டி, கொஞ்சம் புகையிலையும் கூடுதலாகக் கொடுத்திருந்தாள். அவன் உள்ளே வெற்றிடம் விட்டு அடுக்கியிருக்கிறான். அவளுக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. அந்த ஆளைப் பற்றி லாசன் போகிற போக்கில் ஒரு வாக்கியம் சொல்கிறார்: தன் குலத்தில் எஞ்சிய கடைசி மனிதன் அவன்.

அதற்கும் முன்னால் இன்னொரு இடம். யாரும் துணையில்லாமல் இவள் பிரசவ வேதனையில் கிடந்தபோது வந்து பார்த்துக்கொண்டவள் 'பிளாக் மேரி' என்ற பழங்குடிப் பெண். ஓடைப் பக்கம் இருந்த மேரியை, மேரியின் புருஷன் போய்க் கூட்டி வருகிறான்.

தன்னந்தனிக் கதை என்று எழுதினேனே. பிள்ளை பிறக்கக் கை கொடுத்தவள் அங்கே இருந்திருக்கிறாள். ஓடைக்கரையில், கூப்பிடு தூரத்தில். கதையில் மூன்று பழங்குடி மனிதர்கள் வருகிறார்கள். நான் ஒருவரையும் கணக்கில் எடுக்கவில்லை. லாசன் அவர்களை நாலு வரிக்குள் அடைத்தது ஒரு குற்றம் என்றால், அந்த நாலு வரியையும் தாண்டிப் போனது என் குற்றம்.

குலத்தின் கடைசி மனிதன் இன்னொருவரின் விறகை ஏன் அப்படி அடுக்கினான்? லாசன் அதை ஏமாற்று வேலையாக எழுதியிருக்கிறார். அந்த அம்மாவின் அப்பா அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவும் நான் உரக்கப் படித்ததும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கடைசி ஆள்னு போட்டிருக்கா? அது எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார்.

10 ஜூலை

நேற்றைய குறிப்புக்கு வந்த பதில்களில் ஒருவர் லியா பர்செல் பெயரைச் சொன்னார். உண்மைதான். பழங்குடிக் கலைஞரான அவர் இதே கதையை எடுத்து, கதையின் ஓரத்தில் நின்றவர்களை நடுவுக்குக் கொண்டுவந்து 2016இல் நாடகமாக்கினார், பிறகு திரைப்படமும் எடுத்தார். இன்னும் பார்க்கவில்லை. ஆகஸ்டில்.

12 ஜூலை

பேட்ரிக் வைட். 'தி ட்ரீ ஆஃப் மேன்', 1955. 1973இல் நோபல் வாங்கியவர். எண்பதாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். வாக்கியங்கள் ஈரக் களிமண் மாதிரி காலைப் பிடிக்கின்றன. ஸ்டேன் பார்க்கர் என்ற இளைஞன் வண்டியைக் காட்டில் நிறுத்தி, நாயைக் கட்டி, மரத்தை வெட்டத் தொடங்குகிறான். அந்த இடம் அதற்கு முன் யாருடையதும் இல்லை என்பதுபோலத்தான் நாவல் தொடங்குகிறது. விறகு அடுக்குக்குப் பிறகு இதை என்னால் நிம்மதியாகப் படிக்க முடியவில்லை.

15 ஜூலை

தாரா ஜூன் வின்ச், 'தி யீல்ட்', 2019. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெரிய நாவல் விருதான மைல்ஸ் ஃபிராங்க்ளின் பெற்றது. தம்பி, வேறெதுவும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ஆல்பர்ட் என்ற கிழவர் சாகப் போவது தெரிந்து ஓர் அகராதி எழுதுகிறார். விரஜூரி என்ற தன் பழங்குடி மொழியின் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதும் சாக்கில் தன் கதையை எழுதுகிறார். ஆங்கில அகரவரிசையைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வரிசைப்படுத்துகிறார். பேத்தி ஆகஸ்ட் இங்கிலாந்திலிருந்து அவர் சாவுக்கு வருகிறாள். வீடிருக்கும் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுக்கப் போகிறார்கள். அகராதி எங்கே என்று தெரியவில்லை.

புத்தகத்தில் முதலில் வரும் சொல் நாடு, நிலம், சொந்த மண் எல்லாவற்றுக்குமான விரஜூரிச் சொல். ஆங்கிலத்தில் அதைப் படிக்கிறவர்கள் நாக்கைத் திருகிக்கொள்ள வேண்டும். எனக்கு அது உடனே வந்தது: ஙுரம்பாங்.

ஙு! பள்ளிக்கூடத்தில் உயிர்மெய் வரிசை எழுதும்போது ஙா ஙி ஙீ ஙு என்று எழுதி எழுதி, 'இது எந்த வார்த்தைக்கு டீச்சர்?' என்று கேட்டு அடி வாங்கியது நினைவிருக்கிறது. 'ஙப்போல் வளை' என்றாள் ஔவை. ங ஒன்றுக்குத்தான் வேலை, ஆனால் வேலையில்லாத தன் இனம் முழுவதையும் அது கூடவே தாங்கிக்கொண்டிருக்கிறது, நீயும் உறவை அப்படித் தாங்கு என்று உரை சொல்வார்கள். அப்படிச் சும்மாவே தாங்கி வைத்திருந்த ஓர் எழுத்துக்கு, நாற்பத்து மூன்று வயதில், இன்னொரு மக்களின் தாய்நாட்டுப் பெயரை எழுத வேலை கிடைத்தது. ரயிலில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்து, நூலகப் புத்தகம் என்று நினைவு வந்து அழித்தேன்.

நாவலின் பெயருக்கு வருவோம். 'யீல்ட்' என்றால் ஆங்கிலத்தில் மகசூல், நிலத்திலிருந்து மனிதன் எடுத்துக்கொள்வது. விரஜூரியில் அதற்கு ஆல்பர்ட் வைக்கும் சொல் 'பாயஞ்ஞா'. எடுப்பது அல்ல, கொடுப்பது. அசைவு, இரண்டு பொருள்களுக்கு நடுவே இருக்கும் இடம், துயரத்திலும் முதுமையிலும் உடம்பு வளைவது. தமிழில் 'விளைச்சல்' என்று போட்டால் பாதி செத்துவிடும். இரண்டு நாளாக யோசித்து 'நெகிழ்தல்' என்று வைத்திருக்கிறேன். இன்னும் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

16 ஜூலை

காலையில் எழுந்து பார்த்தால் பதினாறு பதில்கள். பாதிக்கு மேல் 'அப்படியென்றால் அவர்கள் தமிழர்களின் கிளைதானே' என்று வந்திருக்கிறது.

வேண்டாம். இந்த ஆசை புதிதல்ல. 1856இல் கால்டுவெல்லே தன் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளின் தன்மை, முன்னிலைப் பெயர்களை ஆஸ்திரேலிய மொழிகளோடு வைத்துப் பார்த்தார். விரஜூரியில் நான் என்பதற்கு 'ஙது' என்று சொல்வதைப் படித்ததும் எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அங்குள்ள பல மொழிகளில் நம்மைப் போலவே ட, ண, ள ஒலிகள் உண்டு. ஆனால் ஒலி ஒத்துப்போவது வேறு, உறவு வேறு. மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்கவில்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. ஐம்பதாயிரம் வருடத்துக்கு மேல் அந்த நிலத்தில் இருந்தவர்களை 'எங்கள் கிளை' என்று சொல்வதும் அவர்களை ஓரத்துக்குத் தள்ளுவதுதான். அவர்கள் மொழியை எழுத நம்மிடம் ஓர் எழுத்து இருக்கிறது. எனக்கு அந்த மகிழ்ச்சி போதும்.

தம்பியின் 'இருநூற்றைம்பது வருடம்' கணக்குக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

'நெகிழ்தல்' சரியில்லை, 'இசைதல்' பொருந்தும் என்று ஒருவர். இசைதலில் ஒப்புதல் இருக்கிறது, வளைவு இல்லை. நான் நெகிழ்தலிலேயே இருக்கிறேன்.

19 ஜூலை

கிம் ஸ்காட், 'தட் டெட்மேன் டான்ஸ்', 2010. நூங்கார் என்ற பழங்குடி மக்களைச் சேர்ந்தவர். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையில் ஆல்பனி பக்கம், 1820, 30களில், திமிங்கில வேட்டைக்காரர்களும் நூங்கார் மக்களும் கொஞ்ச காலம் சுமுகமாக இருந்த கதை. அதனாலேயே படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. பாபி என்ற சிறுவன் எல்லோரையும் சிரிக்க வைக்கிறான், எல்லோருடைய மொழியையும் பிடித்துக்கொள்கிறான். முதல் பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் 'காயா' என்று எழுதுகிறான். வணக்கம் என்று பொருள்.

அந்த நடனத்துக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. 1801இல் அங்கு வந்து இறங்கிய மேத்யூ ஃபிளிண்டர்ஸ் தன் கடற்படை வீரர்களை அணிவகுக்க வைத்துக் காட்டினார். நூங்கார் மக்கள் அந்த அணிவகுப்பைப் பார்த்து அதையே நடனமாக்கி, தலைமுறை தலைமுறையாக ஆடினார்கள். வந்தவர்களின் கையில் இருந்த துப்பாக்கி அவர்களுக்கு ஆட்டத்தில் ஓர் அசைவு. எதையும் வாங்கித் தங்களுடையதாக்கிக்கொள்ளும் நம்பிக்கை அது. பின்னால் நடந்தது தெரிந்து படிக்கும்போது தொண்டை அடைக்கிறது.

20 ஜூலை

ஒன்று கேட்க வேண்டும். இங்கே மேற்கு சிட்னிக்காரர்கள் பலர் இருக்கிறீர்கள். வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று நம் ஆட்கள் நிறைந்த பேட்டைகள். மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு எல்லோரும் போகிறோம். பெமுல்வோய் என்று பக்கத்தில் ஒரு பேட்டை இருக்கிறதே, அது யார் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியாது. அங்கே தோழி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய் வந்திருக்கிறேன். நேற்றுதான் படித்தேன். பெமுல்வோய் இந்த நிலத்துப் பழங்குடி வீரர். 1797இல் டூங்காபி அரசுப் பண்ணையைத் தாக்கி, பரமட்டாவில் ஆங்கிலேயப் படையோடு மோதி, குண்டுகள் பாய்ந்தும் பிழைத்தவர். 1802இல் சுட்டுக் கொன்றார்கள். தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். டூங்காபி என்பதும் தாருக் என்ற பழங்குடி மொழிச் சொல்தான், நீரையொட்டிய இடம் என்று பொருள். பதினொரு வருடமாக தினமும் அந்தப் பலகையின் கீழ் நின்று ரயில் ஏறுகிறேன்.

23 ஜூலை

ரிச்சர்ட் ஃபிளனகன், 'தி நேரோ ரோட் டு தி டீப் நார்த்', 2013, அடுத்த ஆண்டு புக்கர். சயாம் – பர்மா ரயில் பாதையில் ஜப்பானியரின் கைதிகளாக இருந்த ஆஸ்திரேலியர்களின் கதை. ஃபிளனகனின் தந்தை அந்தப் பாதையில் உழைத்துப் பிழைத்தவர். நாவல் முடிந்தது என்று மகன் சொன்ன அன்றே இறந்துபோனார். காதல் பகுதி எனக்கு ஒட்டவில்லை. முகாம் பகுதிகளில் மழை, சேறு, புண், ஒரு கவளம் சோறு எல்லாம் அப்படியே கையில் ஒட்டுகிறது.

24 ஜூலை

ஈப்போவிலிருந்து ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அவர் பாட்டி 'சயாமுக்குப் போனவர்' என்றுதான் தாத்தாவைச் சொல்வாராம். பெயர் சொல்ல மாட்டாராம். ரப்பர் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிப் போனவர், திரும்பவில்லை.

இதை நான் நேற்றே எழுதியிருக்க வேண்டும். 415 கிலோமீட்டர் பாதை. நேசநாட்டுக் கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள், அதில் ஆஸ்திரேலியர் 2,800 பேர் அளவில். ஆசியத் தொழிலாளர் சாவு தொண்ணூறாயிரம் வரை இருக்கும் என்கிறார்கள். அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைகள் உண்டு, வரிசையாக, பெயரோடு. தமிழில் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' இருக்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஃபிளனகன் மேல் குறையில்லை. தன் அப்பாவின் கதையை எழுதினார். ஆனால் லாசனின் விறகு அடுக்கு பற்றி அவ்வளவு பேசிய நான், நம் ஆட்கள் செத்த பாதையைப் பற்றிய நாவலை முடித்துவிட்டு, நம் ஆட்களைப் பற்றி ஒரு வரி எழுதாமல் தூங்கப் போயிருக்கிறேன். அண்ணா, உங்கள் தாத்தாவின் பெயரைக் கண்டுபிடிக்க முடிந்தால் எழுதி வையுங்கள்.

27 ஜூலை

சங்கரி சந்திரன், 'சாய் டைம் அட் சினமன் கார்டன்ஸ்', 2023 மைல்ஸ் ஃபிராங்க்ளின். ஈழத்திலிருந்து தப்பி வந்த தமிழ்க் குடும்பம் மேற்கு சிட்னியில் நடத்தும் முதியோர் இல்லம். ஆங்கிலேய மாலுமி கேப்டன் குக்கின் சிலை ஒன்றைச் சாய்த்த விஷயம் வெளியே வந்து ஊரே கிளம்புகிறது.

என் வேலையே அதுவென்பதால் கறாராகப் படித்தேன். சில இடங்களில் பாத்திரங்கள் பேசுவதை விட்டு மேடை ஏறிவிடுகிறார்கள். ஆனால் வயதானவர்கள் சாப்பாட்டுக்காகக் காத்திருப்பது, பழைய போர் ஒரு சத்தத்தில் திரும்பி வருவது, இதெல்லாம் எழுதத் தெரிந்தவர். யார் கதையைச் சிலையாக நிறுத்துகிறோம் என்று ஒரு தமிழ்ப் பெண் இந்த நாட்டிடம் கேட்கிறார், நாடு அதற்குத் தன் பெரிய விருதைக் கொடுக்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது.

30 ஜூலை

வைட்டை மறுபடி எடுத்தேன். முடித்தும்விட்டேன்.

1940களின் இறுதியில் வைட் காசில் ஹில்லில் பண்ணை வாங்கி, பால், காய்கறி, பூ விற்றுக்கொண்டுதான் இதை எழுதினார். இன்று அங்கே மெட்ரோ நிலையமும் பெரிய கடைவளாகமும். நாவலின் கடைசியில் பார்க்கரின் நிலத்தைச் சுற்றி வீடுகள் முளைத்துவிடுகின்றன. கிழவர் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். கடவுளைப் பற்றிப் பேச வந்த இளைஞனிடம் தரையில் கிடக்கும் தன் எச்சிலைக் காட்டி, அதுதான் கடவுள் என்கிறார். படித்ததும் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். பெரிய எழுத்து, சந்தேகமில்லை.

12ஆம் தேதி சொன்னதையும் விடவில்லை. முதல் பக்கத்து நிலம் காலியாக இல்லை. இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

31 ஜூலை

அலெக்சிஸ் ரைட்டின் 'கார்பென்டேரியா' மட்டும் பாதியில் நிற்கிறது. 2006இல் வந்தது. பாம்பு ஒன்று நதிகளை உழுதுகொண்டு போவதில் தொடங்கி, குப்பைமேட்டில் ஏஞ்சல் டே என்ற பெண் சாமி சிலையைக் கண்டெடுத்துப் பெருஞ்சண்டை வருவது வரை வந்திருக்கிறேன். கதை கேட்டு வளர்ந்த காதுக்குப் புரிகிற எழுத்து, கண்ணால் வேகமாகப் போனால் கையை விட்டு நழுவுகிறது. அதனால் இரவுப் பணியில் அந்த அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறேன். நேற்று, "இந்தப் பொம்பளை யாருக்கும் பயப்பட மாட்டா போலிருக்கே" என்றார்.

நூலகத்தில் இன்னும் மூன்று வாரம் நீட்டித்துவிட்டேன்.